வவுனியாக் காரின் ஒற்றைத் திறப்பு

…சீற்றே இது, தங்கச்சி? நீரே சொல்லும் பாப்பம். ஒரு பலகை, அதுக்கு மேலை ஒரு துணி, துணிக்குக் கீழை ஒரு ஆணி. எனக்கெண்டே அடிச்சு வைச்ச ஆணி. தள்ளி இரும், தள்ளி இரும், நீர் யன்னல் கரையிலை இரும், நான் இந்தக் கரையிலை இருக்கிறன். என்ரை பை காலுக்குள்ளை கிடக்கட்டும். காரிலை போகவேண்டிய மனுசி நான். சிரியாதையும். என்னட்டைக் கார் இருக்கு. இந்தா, யன்னலாலை எட்டிப் பாரும், இறங்குதுறைக்குக் கிட்ட, சாம்பல் நிறம், நாலு கதவும் ஆவெண்டு திறந்து கிடக்கு... ஆ, அதுதான். முன் சீற்றிலை வேட்டியோடை ஒராள் இருக்கிறார், கண்டனீரோ? என்ரை மனுசன். கனகசபை. கையைக் காட்டுறார் பாரும். பஸ் வெளிக்கிட்டாக் காணும், சின்னப் பிள்ளையள் மாதிரி. சரி, சரி, காட்டுறன். டாட்டா. டாட்டா... இன்னும் காட்டுறார்.

நீரும் யாழ்ப்பாணந்தானே? ஓம், குறிகட்டுவானிலை இந்த பஸ்ஸிலை ஏறினா யாழ்ப்பாணந்தான், வேறை எங்கை போறது. அப்ப ஆறுதலாக் கதைக்கலாம். கார் இருக்கேக்கை இந்த மனுசி ஏன் பஸ்ஸிலை குந்திக்கொண்டிருக்குதெண்டு யோசிக்கிறீர். முகத்திலை தெரியுது. அதுக்கு முதலிலையிருந்து சொல்லோணும்.

என்ரை பேர் மீனாம்பிகை. ஊர் புளியங்கூடல். ஊர்காவற்றுறையிலை ஒரு கந்தோரிலை பத்தொன்பது வருசம் வேலை பாத்தனான். சைக்கிளிலை பதினைஞ்சு நிமிசம். மத்தியானம் வீட்டை வந்து இவருக்கும் சோத்தைப் போட்டுக் குடுத்து, நானும் ரண்டு வாய் சாப்பிட்டிட்டுத் திரும்பிப் போறனான். அப்பிடி இருக்கேக்கை போன தையிலை ஒரு கடிதம் வந்துது. கிளிநொச்சிக்கு மாற்றமாம். பென்சனுக்கு நாலு வருசம் கிடக்கு, தங்கச்சி. ஏனெண்டு கேட்டன். சேவையின் தேவை கருதியாம். என்ரை சேவை கிளிநொச்சிக்கு இவ்வளவு தேவையெண்டு பத்தொன்பது வருசமா ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை.

போக எண்பத்தஞ்சு கிலோமீற்றர். வர எண்பத்தஞ்சு. வரேக்கை கூடவெண்டுதான் என்ரை முதுகு சொல்லுது. அங்கை எட்டரைக்கு ஒரு மெசினிலை பெருவிரலை வைக்கோணும். எட்டு முப்பத்தொண்டுக்கு வைச்சால் அது உம்மடை விரல் இல்லையெண்ட மாதிரிச் சத்தம் போடும். விடிய முதல் பஸ், பேந்து யாழ்ப்பாணத்திலை அடுத்த பஸ், நிண்ட நிலை. ரண்டு கிழமை போய் வந்தன். மூண்டாம் கிழமை சட்டைப் பொத்தான் விழுந்துதெண்டு குனிஞ்சன், நிமிரேலாமல் போச்சு. அப்பிடியே கந்தோருக்கை போனன். பெரியவர் நினைச்சார் நான் தனக்கு மரியாதை குடுக்கிறனெண்டு.

சரியெண்டு கிளிநொச்சியிலை ஒரு அறை எடுத்தன். அறைக்காரியின்ரை கதையைக் கேளும். ஒன்பது மணிக்கு லைற் நூக்கோணும். குழாயைத் துறந்தா வந்து பாப்பாள். அலுமாரிக்கு ஒரு கதவுதான், மற்றக் கதவு எங்கையெண்டு கேட்டா, ஒரு ஆளுக்கு ஒரு கதவு காணுமாம்! பின்னேரத்திலை இவருக்குப் போன் எடுத்து இதெல்லாம் சொல்லுவன். இவர் "ம்" எண்டுவார். நான் அலுமாரிக் கதையை முடிச்சுப்போட்டு, சாப்பிட்டனீங்களோ எண்டு கேப்பன். "ம்" எண்டுவார். அவ்வளவுதான். கதைக்கிற மனுசன் இல்லை அவர். முந்திக் கூட்டுறவுச் சங்கத்து லொறி ஓடினவர், லொறியோடை கூடக் கதைச்சிருக்கமாட்டார்...

பாரும், சொல்ல வாய் எடுக்க போன் அடிக்குது. அவர்தான். நான் இப்பதானே வெளிக்கிட்டனான், அதுக்கிடையிலை என்ன? எங்கை நிக்கிறாய் எண்டு கேக்கிறதுக்கு. நிப்பாட்டி விடுவம். கதை குழம்பிப் போகும்.

எங்கை விட்டனான்? ஆ, அறை. மூண்டு கிழமை அந்த அறையிலை இருந்தன். மூண்டாவது வெள்ளிக்கிழமைதான் முதல்தரம் வீட்டை வாறன், படலையடியிலேயே ஒரு மணம். இவருக்குச் சீனி வருத்தம் கண்டீரோ, வலது காலிலை ஒரு புண். நான் இருக்கேக்கை ஒவ்வொரு பின்னேரமும் கழுவி மருந்து கட்டுறனான், வேறை ஒருத்தரையும் தொட விடமாட்டார். நான் போனப்பிறகு கட்டை அவிழ்க்கவேயில்லை. ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினம். ரண்டு விரலை எடுத்துப்போட்டினம். இன்னும் பிந்தியிருந்தாக் காலையே எடுக்கோணுமெண்டு டொக்டர் சொன்னவர்.

பயந்து போனன், தங்கச்சி. உமக்கேன் நான் பொய் சொல்ல? பிள்ளை குட்டி இல்லை எங்களுக்கு, அந்த மனுசன்தான். ஆசுப்பத்திரி வாங்கிலை இருந்து நல்லா அழுதனான். பேந்து வாங்கும் சரியில்லையெண்டு எழும்பினன். எழும்பேக்கைதான் முடிவெடுத்தனான். ஒவ்வொரு பின்னேரமும் நான் வீட்டிலை நிக்கோணும். அறையை விட்டிட்டன், திரும்பியும் பஸ்தான். இந்தக் காலுக்கு நான்தான் மருந்து கட்டோணும். அதுக்கு ஒரு கார் வேணும். நல்ல சீற் உள்ள, வழியிலை நிக்காத கார். அம்பத்தாறு வயசிலை கார் ஓடப் பழகினன். இவர் பக்கத்திலை இருந்து ஒரு சொல்லும் சொல்லமாட்டார், நான் வளைவிலை திருப்பேக்கை மட்டும் அந்த மூண்டு விரல் காலாலை நிலத்தை அமத்துவார். அங்கை பிறேக் இல்லையப்பா எண்டு சொன்னாலும் அமத்துவார்.

பழைய கார் வாங்கிறது லேசெண்டு நினையாதையும். பாலசிங்கத்தார் எண்டு ஒரு தரகர். அவர் கொண்டு வாற காரெல்லாம் டொக்டர் வைச்சிருந்த கார். வெள்ளைக் கார், டொக்டரின்ரை. சிவப்புக் கார், டொக்டரின்ரை. நான் ஒருநாள் இருந்து கணக்குப் பாத்தன், யாழ்ப்பாணத்திலை ஒரு டொக்டருக்குப் பதினெட்டுக் கார் வருது. அவையள் எப்ப நோயாளரைப் பாக்கிறது?

எனக்கு ஒரு முறை இருந்தது. எல்லாரும் காரை ஓடிப் பாப்பினம். அஞ்சு நிமிசம் ஒழுங்கையாலை ஓடினா எந்தக் காரும் சுகமாத்தான் இருக்கும். நான் போகவேண்டியது ஒண்டரை ரண்டு மணித்தியாலம். அதாலை நான் இருந்து பாக்கிறனான். நிப்பாட்டின காருக்குள்ளை, விக்கிறவையின்ரை வீட்டு முத்தத்திலை, மணிக்கூட்டைப் பாத்து ஒண்டரை மணித்தியாலம். சாப்பாட்டுப் பெட்டியும் கொண்டு போவன். கோண்டாவிலிலை ஒரு வீட்டிலை வீட்டுக்காரி ரண்டு தரம் தேத்தண்ணி கொண்டு வந்து தந்தவ. மூண்டாந்தரம் வந்து, அக்கா, உள்ளுக்கு வந்து கதிரையிலை இருங்கோவன் எண்டா. நான் கதிரை வாங்க வரேல்லை எண்டு சொன்னன். ஏன், நீர் செருப்பு வாங்கேக்கை போட்டு நடந்து பாக்கிறேல்லையோ? அந்தக் காரிலை நாற்பதாவது நிமிசம் இடுப்பு பிடிச்சுது. வேண்டாமெண்டு வந்திட்டன். அந்த மனுசி தேத்தண்ணி தந்ததை இண்டைக்கும் ஊரெல்லாம் சொல்லித் திரியுதாம்.

பிறகு கறள், இரும்பைத் தின்னிற சாமான். எங்கடை பக்கத்திலை ஓடின காரெண்டு பேப்பரிலை எழுதியிருக்காது. கடற்காத்து அடியிலை எழுதியிருக்கும். அதைப் பாக்கிறதுக்கு இவரைக் கூட்டிக்கொண்டு போனன். பாலசிங்கத்தார் ஒரு நீலக் காரைக் காட்டி, அண்ணை, இது கடலுக்கு மேலாலை போற பண்ணைப் பாலத்தைக் கண்ணாலையும் காணேல்லை எண்டு சத்தியம் பண்ணுறார். இவர் காலுக்குக் கீழை கிடந்த விரிப்பைத் தூக்கினார், விரலாலை மெல்ல அமத்தினார். நான் குனிஞ்சு காருக்குக் கீழை பாக்கிறன், இவற்றை விரல் வெளியிலை வந்து ஆடுது. பாலசிங்கத்தார் சொல்லுறார், அது காத்துப் போறதுக்கு விட்ட ஓட்டையாம்.

மலைநாட்டிலையிருந்து ஒண்டு வந்துது. கறள் ஒரு பொட்டு இல்லை. ஆனா சீற் நிலத்தோடை. ஏறி இருந்தா என்ரை முழங்கால் நாடியிலை முட்டுது. இன்னொண்டு சாட்டியிலை ஒரு கலியாண வீட்டுக்கு வந்து நிண்டது, நல்ல கார், விற்க இல்லையாம், நான் அதுக்குள்ளையும் கால்மணித்தியாலம் இருந்து பாத்தனான். மாப்பிள்ளை வெளிக்கிடோணும் எண்டு சொல்லி எழுப்பிப்போட்டினம்.

திரும்பியும் அடிக்குது பாரும். ஒரு மனுசனுக்கு இவ்வளவு நேரம் சும்மா இருக்கேலாதோ? காரிலை இருக்கிறார், நல்ல சீற், கடற்காத்து, தேத்தண்ணிக் கடைக்காரனிட்டைச் சொல்லி வைச்சிட்டு வந்தனான். நிப்பாட்டி விடுறன்.

அப்பிடி எட்டு மாசம் அலைஞ்சு கடைசியா வவுனியாவிலை அம்பிட்டுது. ஒரு ரீச்சர் வைச்சிருந்த கார். டொக்டர் இல்லையெண்டவுடனேயே எனக்கு நம்பிக்கை வந்திட்டுது. வவுனியாவிலை கடல் எங்கை இருக்கு? அடி சுத்தம். இவர் விரலாலை எல்லா இடமும் அமத்திப் பாத்தார், விரல் ஒண்டுக்கையும் போகேல்லை. நான் ஏறி இருந்தன். ஒண்டரை மணித்தியாலம். ரண்டு மணித்தியாலம். அந்த ரீச்சர் வந்து எழுப்பினாத்தான் எழும்பினன், நித்திரையாப் போனன், தங்கச்சி! இவரும் பக்கத்து சீற்றைப் பின்னுக்கு விட்டிட்டு அந்தக் காலை நீட்டிப் பாத்தார். நேரா நீட்டினார். வலிக்கேல்லை. முழு வசனம் ஒண்டு சொன்னார் அண்டைக்கு. "இது காணும் எங்களுக்கு" எண்டார். எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

ஒரே குறை, காரை ஸ்ராட் பண்ணுற திறப்பு ஒண்டுதான். மற்றத் திறப்பு வீடு மாறேக்கை துலைஞ்சுதாம். இந்தக் காலத்துத் திறப்பு சும்மா இரும்பை வெட்டிற வேலை இல்லை, உள்ளுக்கு என்னவோ வைச்சிருக்கினம், ஆள் கொம்பியூட்டரோடை வந்து காருக்குச் சொல்லிக் குடுக்கோணும். மெக்கானிக் சொன்னவர், அக்கா, எல்லாத்துக்கும் முதல் ரண்டாவது திறப்பை வெட்டுங்கோ எண்டு. இவரும் தலையை ஆட்டினவர். நான்தான் விடேல்லை. ஏனெண்டு கேளும்...

எங்கை எழும்புறீர்? இரும், இரும். இது வங்களாவடிச் சந்தி. யாழ்ப்பாணத்துக்கு இன்னும் எவ்வளவு கிடக்கு. சனம் இறங்கட்டும், ஏறட்டும், நீர் அந்தரப்படாமல் இரும். கால் விறைச்சுப் போச்சோ? நான் சொன்னனெல்லே, இந்தச் சீற் அப்பிடி. இந்தா, பையைக் கொஞ்சம் அரக்கி வைக்கிறன், காலை நீட்டும்.

ஏன் விடேல்லையெண்டால், எனக்கு ஒரு நேத்தி இருந்தது. அந்த ஆசுப்பத்திரி வாங்கிலை இருந்து நேந்தனான். தாயே, இந்த மனுசன்ரை கால் மிஞ்சோணும், நான் கார் வாங்கினா முதல் ஓட்டம் உன்னட்டைத்தான் எண்டு. நயினாதீவு அம்மனுக்கு. ஆனா கார் கடலிலை போகாதெல்லே. அதாலை ஆக்கள் என்ன செய்யிறது, காரைக் குறிகட்டுவானிலை விட்டிட்டு, திறப்பைக் கொண்டு போய்த் தட்டிலை வைச்சுப் பூசை செய்விச்சுக்கொண்டு வாறது. பூசை முடியாமல் அந்தத் திறப்பிலை இன்னொண்டு வெட்டினா அதுவும் பூசை இல்லாத திறப்பெல்லோ? பேந்து அதுக்கொருக்கா நான் வள்ளம் ஏறவோ? முதல் பூசை, பேந்து வெட்டு எண்டு சொல்லிப்போட்டன். நாள் பாத்து வரப் பதினெட்டு நாள் போச்சு. பதினெட்டு நாளும் கார் மாமரத்துக்குக் கீழை, காத்துப் படாமல் படங்கு போட்டு மூடிக் கிடக்கு. நான் அதைச் சுத்திக்கொண்டு போய் பஸ் ஏறி, நிண்ட நிலையிலை கிளிநொச்சிக்குப் போய் வாறன்.

இண்டைக்கு விடிய வெள்ளணத் தலை தோய்ஞ்சு வெளிக்கிட்டு வந்தம். வழி முழுக்க நான்தான் ஓடினனான், இவர் ரண்டு தரந்தான் நிலத்தை அமத்தினார். இவருக்கு அந்தக் காலோடை வள்ளத்திலை ஏறி இறங்கேலாது. நீங்கள் கதவைத் துறந்து வைச்சிட்டு இருங்கோ, நான் போட்டு வாறன் எண்டு சொல்லிப்போட்டு வள்ளம் ஏறினன். நல்ல பூசை, தங்கச்சி. ஐயர் திறப்புக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வைச்சு, ஒரு செவ்வரத்தம் பூவும் செருகித் தந்தார். சில்லுக்குக் கீழை வைக்க நாலு எலுமிச்சம்பழமும் தந்தார். இந்தா, பைக்குள்ளை கிடக்கு, பாரும். நாலு. எல்லாம் இருக்கு.

திரும்பி வரேக்கை வள்ளத்திலை எனக்கு முன்னாலை ஒரு மனுசி. கொழும்பு ஆள் போலை. கையிலை என்ன அம்மா எண்டு கேட்டா. கேட்டது அவதான், நான் வலியச் சொல்லப் போகேல்லை. கார்த் திறப்பெண்டன். பேந்து அந்தக் காரை எடுத்த கதையைச் சொன்னன். உமக்குச் சொன்ன மாதிரித்தான், ஆறுதலா. எனக்குக் கதைக்கேக்கை கை சும்மா நிக்காது, பாத்தனீரெல்லே. கோண்டாவில் சொன்னன், பாலசிங்கத்தாரைச் சொன்னன், நீலக் காருக்குள்ளாலை இவற்றை விரல் வந்து ஆடின இடம் வந்துது, இந்தா, இப்பிடித்தான் அம்மா ஆடினது எண்டு கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினன்.

டுபுக்கெண்டு ஒரு சத்தம்.

பூ மட்டும் மிதக்குது.

நான் கத்தின கத்திலை வள்ளத்தை நிப்பாட்டினவங்கள். துறையிலை இறங்கினவுடனை, கிறிஸ்தோப்பர் எண்டு ஒராள், கடலட்டை பிடிக்க முழுகிறவர், அவரிட்டைக் கேட்டன், தம்பி, ஒருக்கா இறங்கிப் பார் எண்டு. எந்த இடம் அக்கா எண்டார். கடலிலை எண்டன். அவர் கடலைப் பாத்தார், என்னைப் பாத்தார். அக்கா, அட்டையெண்டாலும் ஊர்ந்து ஒரு அடையாளம் விடும் எண்டார். போயிட்டார்.

பிறகென்ன? ஓடி வந்து இவருக்குச் சொன்னன். சொன்னனெண்டால், கத்தினன். திறப்பு போச்சு, எட்டு மாசம் போச்சு, திங்கக்கிழமை எப்பிடி வேலைக்குப் போறது, திரும்பியும் அந்த அறைக்காரியிட்டைப் போகவோ, உங்கடை காலை ஆர் பாக்கிறது எண்டு. இவர் எழும்ப வெளிக்கிட்டார், வாயைத் துறந்தார், நீங்கள் ஒண்டும் கதைக்காதேங்கோ, எனக்கு வாற ஆத்திரத்துக்கு இப்ப ஒருத்தரும் வாய் துறக்கவேண்டாம், இருங்கோ அதிலை எண்டன். கார்ப் புத்தகத்தை எடுத்துப் பைக்குள்ளை வைச்சன், பஸ் வெளிக்கிடுது, பாய்ஞ்சு ஏறினன். யாழ்ப்பாணத்திலை போய் அந்தக் கொம்பியூட்டர்காரனைக் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு வரோணும். இண்டைக்கு வெள்ளி, அவன் வரமாட்டனெண்டால் ஞாயிறும் போகும். அதுவரைக்கும் உப்புக் காத்துக்கை அந்தக் கார், வவுனியாக் கார், பழக்கமில்லாத கார்...

உதென்ன, திரும்பத் திரும்ப. சரி, எடுக்கிறன், பொறும்.

ஹலோ! என்னப்பா உங்களுக்கு... அல்லைப்பிட்டி வந்திட்டுது... என்ன? சத்தமாச் சொல்லுங்கோ... திறப்புத்தான் கடலுக்கையெல்லோ... என்னது? மடிக்குள்ளையோ? ஆற்றை மடிக்குள்ளை? ...எப்ப வெட்டினது? ...நான் கிளிநொச்சிக்குப் போன அண்டோ. வீட்டை வந்தவனோ அவன், கொம்பியூட்டரோடை... அப்ப அதைத் துறையிலையே சொல்லியிருக்கலாமெல்லே!

...ம்.

...ஓம், சொன்னனான்தான், வாய் துறக்கவேண்டாமெண்டு.

...அதையோ பிடிச்சு ஆட்டினனீங்கள்? நான் டாட்டா எண்டு நினைச்சன்.

...ம். ...ம். சரி. வாறன். இருங்கோ. ...காலை நீட்டி இருங்கோ.

தங்கச்சி... பூசைக்கு முதல் வெட்டினதெண்டு நான் ஏசுவனெண்டு ரண்டாவது திறப்பை வேட்டி மடிக்குள்ளை ஒளிச்சு வைச்சிருந்தவராம். பஸ்ஸிலை நான் ஏறினதிலையிருந்து பதினொரு தரம் எடுத்தவராம். பதினொரு தரமோ அடிச்சது? ரண்டு மூண்டெண்டெல்லோ நான் நினைச்சன்.

அந்தக் கால் விரல் கதையும் இப்பிடித்தான் இருந்திருக்கும், என்ன? போனிலை சொல்ல வெளிக்கிட்டிருப்பார். நான் அலுமாரிக் கதவைச் சொல்லிக்கொண்டிருந்தனான். ரண்டு விரல், தங்கச்சி. நான் அந்த மனுசனைக் கதைக்கத் தெரியாத மனுசனெண்டு இவ்வளவு காலமும் ஊருக்கெல்லாம் சொல்லித் திரிஞ்சிருக்கிறன்.

சரி, சரி. நான் இறங்கிறன். கொண்டக்டர் தம்பி, ஆள் இறங்கோணும்! அடியும் பெல்லை. எதிர்ப் பக்கம் போய் நிண்டா திரும்பிப் போற பஸ் வரும். ...என்ன, நீரும் எழும்புறீர்? உமக்கு யாழ்ப்பாணமெல்லோ? இல்லையோ?

...சுருவிலோ? சுருவிலுக்குப் போற பிள்ளை வங்களாவடியிலையெல்லோ இறங்கோணும்! வங்களாவடி போய் எவ்வளவு நேரம்! அப்ப அதுக்கோ நீர் எழும்பினது? ஐயோ, பாரும்... வாரும், என்னோடை வாரும், குறிகட்டுவானுக்குப் போய்க் காரை எடுத்துக்கொண்டு உம்மடை வாசல் மட்டும் கொண்டு வந்து விடுறன். நல்ல சீற். எண்டாலும் கேக்கிறன், ஏன் பிள்ளை, வாய் இருக்கெல்லே, ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமெல்லே?